ஆளுக்குப் பாதி

எண்பத்திரண்டு, தை மாதம். மத்தியானம் இரண்டு மணிக்குக் கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் பஸ் புறப்பட்டது. முப்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் மூன்றரை ரூபாய். ஆட்டுப் பண்ணையைப் பார்க்கப் போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். உண்மையில், மனைவி இறந்த பிறகு வந்த முதல் பொங்கலுக்கு மதுரை வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை.

பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. ஆனாலும் ஒரு பெண்ணுக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. உட்காரலாமா என்று தயங்கினேன்.

“உக்காருங்க சார். அதுக்கு டி.பி.ன்னு பொம்பளைங்ககூட அங்க உக்கார மாட்டாங்க” என்றார் கண்டக்டர், அவள் காதில் விழும்படியாகவே.

உட்கார்ந்தேன். பெரிய மனசு என்று நினைத்துவிட வேண்டாம். அவ்வளவு தூரம் நிற்க என் முழங்கால் சம்மதிக்கவில்லை. அவள் முந்தானையால் வாயைப் பொத்தி, ஜன்னல் பக்கம் திரும்பி இருமினாள்.

பூம்பாறை தாண்டியதும் பேச்சுக் கொடுத்தேன். பெயர் செல்லம்மா. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். இங்கே புருஷனும் பெண்டாட்டியும் காட்டு மரத்தில் பட்டை உரிக்க வந்தவர்கள்.

“ஆஸ்பத்திரில திட்டிட்டாங்க ஐயா. ஒழுங்கா மாத்திரை தின்னா இருமல் நின்னிருக்கணுமாம்.”

“நீ திங்கிறியா இல்லையா?”

“தவறாம தின்றோங்க. ஆளுக்குப் பாதி.”

மறுபாதி புருஷன் முத்தையாவுக்கு. அவனுக்கும் அதே இருமல். ஆனால் காலையில் கங்காணி பெயர் கூப்பிட்டு ஆள் எடுக்கும்போது, அவர்கள் அதைப் பெரட்டு என்கிறார்கள், அவன் நின்றாக வேண்டும்.

“எம் பேர வெட்டியாச்சு. அவருக்கும் நோயின்னு தெரிஞ்சா அவர் பேரையும் வெட்டிருவாங்க. பேர் போனா குடியிருக்கிற காம்பராவும் போயிரும், எங்க போய்க் கெடப்போம்? சிலோன்ல அரிசியவே ஆளுக்குப் பாதியாத்தான் தின்னோம். மாத்திரை மட்டும் என்னங்க?”

மதுரையில் ஒரு மருந்துக் கிடங்கில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் நான். அந்தத் தெம்பில் பேசினேன். “பாதி மாத்திரை ரெண்டு பேரையுமே காப்பாத்தாதும்மா. நோய்க்கு மருந்து பழகிப்போயிடும். அப்புறம் எது கொடுத்தாலும் கேக்காது.”

“முழுசாத் தின்னா பொழைச்சிரலாங்களா?”

“நிச்சயமா.”

மன்னவனூரில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. முத்தையா காத்திருந்தான். டீக்கடையில் கங்காணி உட்கார்ந்திருந்ததால், வந்த இருமலை விழுங்கிவிட்டு நின்றான். கண்ணில் நீர் முட்டியது. மறுநாள் காலை பஸ்ஸில் இரண்டு பேரும் என்னோடு வாருங்கள், டாக்டரிடம் நானே பேசுகிறேன் என்றேன்.

“பாப்போங்க ஐயா” என்றான் தணிந்த குரலில்.

டீக்கடை மாடியில் படுத்தேன். போர்வை ஈரமாகவே இருந்தது. மனசுக்கு மட்டும், ஏதோ உருப்படியான காரியம் செய்துவிட்ட திருப்தி.

வெள்ளனே பஸ் நின்ற இடத்துக்கு வந்தேன். மூடுபனிக்குள் கங்காணியின் குரல் பெயர்களை அடுக்கியது. “முத்தையா!” “இருக்கேங்க!” செல்லம்மா மட்டும் என்னைத் தேடி வந்தாள்.

“நீயாவது ஏறும்மா.”

“இல்லைங்க. நீங்க சொன்னத யோசிச்சேன். பாதி பாதியா ரெண்டு பேரும் போறதுக்கு, ஒருத்தராச்சும் முழுசாப் பொழைக்கட்டும். இன்னைக்கு அவருக்கு முழு மாத்திரை குடுத்துட்டேன்.”

“நான் சொன்னது அது இல்லம்மா! அவருக்குத் தெரியுமா?”

“ஆஸ்பத்திரில எனக்குத் தனியா மாத்திரை குடுத்தாங்கன்னு அவர்ட்ட சொல்லிட்டேன். சொல்லிராதீங்க ஐயா. வெரசா ஏறுங்க, பஸ் எடுத்துட்டாங்க.”

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கொடைக்கானலில் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். “ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்க” என்றார்கள். நான் யாரிடம் போய்ச் சொல்ல?

ராத்திரி மதுரை வந்து வீட்டைத் திறந்தேன். மலைக் குளிரில் சளி பிடித்திருந்தது. வழியில் வாங்கிய மாத்திரையைத் தண்ணீரோடு முழுசாக விழுங்கினேன். எனக்காகப் பொய் சொல்ல அந்த வீட்டில் யாரும் இல்லை.