பஸ் ஸ்டாண்டில் கேட்ட மன்னிப்பு

எங்கள் நைனா மறைந்து ஓராண்டு நிறையும் இன்று, அவரை நினைத்து இங்கே கூடியிருக்கும் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். உங்களில் பாதிப் பேர் அவரை மாமாவாகவும் பெரியப்பாவாகவும் அறிந்தவர்கள். மீதிப் பேருக்கு அவர் மேனேஜர். உறவினர்கள் அதிகம் பார்த்திராத அந்த மேனேஜரைப் பற்றி, மூத்த மகளான நான் சொல்ல விரும்புகிறேன்.

நைனா பிறந்தது பொதட்டூர்பேட்டைக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில். தாத்தா சீக்கிரமே காலமாகிவிட, தம்பிகள் இருவரையும் படிக்கவைக்கும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, திருத்தணியில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் கண்டக்டராகச் சேர்ந்தார். தம்பிகள் வேலைக்குப் போன பிறகுதான் அம்மாவைத் திருமணம் செய்துகொண்டார். அவருடைய வண்டியின் டிரைவர் அரக்கோணம் காதர் பாய். நைனாவைவிடச் சில வயது மூத்தவர். இருவரும் பல வருடங்கள் ஒரே வண்டியில் ஓடினார்கள். மதியச் சாப்பாட்டைப் பகிர்ந்து உண்டார்கள். காதர் பாய் அவரைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்.

நாற்பது வயதை நெருங்கும்போது நைனாவை மேனேஜராக்கினார் முதலாளி. நேற்றுவரை கூடவே இருந்தவர்களிடம் இன்று எப்படி வேலை வாங்குவது என்ற கவலை அவருக்கு. கொஞ்சம் தள்ளி நின்றால்தான் மதிப்பார்கள் என்று யாரோ சொன்னதை நம்பினார். டிரைவர்களுடன் சாப்பிடுவதை நிறுத்தினார், குரலை உயர்த்தினார். காதர் பாயும் ‘தம்பி’யை விட்டுவிட்டு ‘சார்’ என்று அழைக்கத் தொடங்கினார். அது நைனாவுக்குப் பெருமையாக இருந்ததாம். பின்னாளில் அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

அந்த வருடத்து ஆடிக் கிருத்திகையன்று ஊரே காவடிகளால் நிறைந்திருந்தது. பொதட்டூர்பேட்டை வண்டியில் நிற்க இடமில்லை. காதர் பாய் என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

“ஸ்டீரிங் லூசா கீதுங்க சார். இத்தன சனத்த வெச்சிகினு நான் எடுக்க மாட்டேன்.”

காலையில்தான் ஷெட்டிலிருந்து வந்த வண்டி அது. முதலாளியோ ஒரு டிரிப்பும் தவறக் கூடாது என்று சொல்லியிருந்தார். நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஓட்ட பயமா இருந்தா வீட்டுக்குப் போய்யா” என்றார், அத்தனை பயணிகள் முன்னால்.

காதர் பாய் சாவியை நைனாவின் கையில் கொடுத்துவிட்டு நடந்துவிட்டார். அந்த வண்டியை எடுக்க வேறெந்த டிரைவரும் முன்வரவில்லை. பயணிகளை வேறு வண்டிகளில் ஏற்றிவிட்டு, மெக்கானிக் முனுசாமி அண்ணனை வரவழைத்தார்கள். அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, ஸ்டீரிங் இணைப்பு கழன்று விழும் நிலையில் இருப்பதாகச் சொன்னார். அதைக் கேட்டதும் நைனா அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாராம்.

அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. காதர் பாய் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கப்போவதாக அம்மாவிடம் சொன்னார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

“ஸ்டாண்டுல வெச்சித் திட்டிட்டு, வீட்டுல போயி மன்னிப்பு கேட்டா எப்பிடிங்க? எங்க திட்டினீங்களோ அங்க கேளுங்க.”

மறுநாள் காதர் பாய் வேலைக்கு வந்திருந்தார். டிரைவர்கள், கண்டக்டர்கள், டீக்கடைக்காரர்கள், ஏறி உட்கார்ந்திருந்த பயணிகள் எல்லோருக்கும் கேட்கும்படி, நேற்று தாம் பேசியது தவறு என்றும், பாய் வண்டியை எடுக்க மறுத்ததால்தான் அத்தனை பேரும் பத்திரமாக வீடு சேர்ந்தார்கள் என்றும் நைனா சொன்னார். “என்ன மன்னிச்சிடு பாய்” என்று கைகூப்பினார்.

“சரிங்க சார். வண்டிக்கு நேரமாவுது” என்றார் காதர் பாய். அவ்வளவுதான்.

அதன் பிறகும் பல மாதங்கள் அவர் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நைனா அவரை வற்புறுத்தவும் இல்லை. ஆனால் கம்பெனியில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். டிரைவர் வேண்டாம் என்று சொன்ன வண்டி, மெக்கானிக் பார்க்கும்வரை நகரக் கூடாது. முதலாளிக்கு மேனேஜர் பதில் சொல்லிக்கொள்வார்.

கல்யாண சீசனில் அதற்கும் சோதனை வந்தது. புதிதாகச் சேர்ந்த டிரைவர் ஒருவர் பிரேக் சரியில்லை என்று வண்டியை நிறுத்திவிட்டார். முனுசாமி அண்ணன் பார்த்தபோது பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. நல்ல வருமானம் தரும் டிரிப் போய்விட்டது. நிறுத்தியது யார் என்று போனில் சத்தம் போட்டார் முதலாளி.

“நான்தாங்க நிறுத்தினேன். சந்தேகம்னு வந்தா நாளைக்கும் நிறுத்துவேன்” என்றார் நைனா. வேலை போய்விடும் என்றுதான் நினைத்தாராம். முதலாளி போனை வைத்துவிட்டார். அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அந்தப் புது டிரைவரையும் நைனா ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. இன்னொரு நாள் நிஜமாகவே பிரேக் பிடிக்காதபோது வாயைத் திறக்க அவர் பயப்படக் கூடாதல்லவா?

அந்தப் போன் பேச்சை அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த காதர் பாய் உள்ளே எட்டிப்பார்த்தார்.

“இன்னா தம்பி, இன்னும் சாப்புடலயா? வா, போலாம்.”

அன்று வீட்டுக்கு வந்து நைனா இதைச் சொன்னபோது அவர் முகத்திலிருந்த மகிழ்ச்சியை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு வேலை கிடைத்த அன்றுகூட அவர் அவ்வளவு மகிழ்ந்ததில்லை.

அதற்குப் பின் வந்த வருடங்கள் நிறைவானவை. ஒருவரைக் கண்டிக்க வேண்டுமென்றால் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசுவார். பாராட்டு மட்டும் ஷெட் முழுக்கக் கேட்கும். யார் வீட்டில் யாருக்குப் பரீட்சை, யார் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் தெரிந்து அதற்கேற்ப டியூட்டி போடுவார். எங்கள் பரீட்சைத் தேதிகளை மட்டும் மறந்துவிடுவார் என்பது எங்கள் வீட்டுப் புகார்.

ஓய்வுபெற்ற பிறகு இதய நோய் வந்தது. கடைசி மாதங்களில் பார்க்க வந்தவர்களிடம் தம் உடம்பைப் பற்றிப் பேச மாட்டார். இன்று யார் எந்த வண்டியில் போனார்கள் என்றுதான் கேட்பார். காதர் பாய் அரக்கோணத்திலிருந்து ரயிலேறி வந்து பக்கத்தில் அமர்ந்து பேப்பர் படித்துக் காட்டுவார். அப்படியொரு காலையில், வலி ஏதுமின்றி உறக்கத்திலேயே நைனாவின் உயிர் பிரிந்தது.

மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அம்மாவைத் தனியே விடாமல் பார்த்துக்கொண்ட சித்தப்பாக்களுக்கும், காதர் பாய்க்கும், முனுசாமி அண்ணனுக்கும், முதலாளி குடும்பத்தாருக்கும் எங்கள் நன்றி.

நைனா மறைந்த அன்று எல்லா வண்டிகளையும் நிறுத்திவிடலாம் என்று முதலாளி சொன்னாராம். பள்ளிப் பிள்ளைகளும் தறி வேலைக்குப் போகிறவர்களும் காத்திருப்பார்கள் என்று ஊழியர்களே மறுத்துவிட்டார்கள். ஒவ்வொரு டிரிப்பாக முடித்துவிட்டுக் காக்கிச் சட்டையோடு வந்தார்கள். சிலர் வந்து சேர்வதற்குள் நைனாவை எடுத்துச் சென்றுவிட்டோம். கடைசியாக முகம் பார்க்க முடியவில்லையே என்று அவர்கள் இன்றும் வருந்துகிறார்கள். அண்ணன்மார்களே, வருந்தாதீர்கள். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அன்று யாராவது கேட்டிருந்தால், வண்டியில் இருக்கிறார்கள் என்று நைனாவே சொல்லியிருப்பார்.