கதைக்காரி சொன்ன பாடம்

எங்கள் விடுதி அறையில் மூன்று பேர். அதில் ஒருத்திக்குக் கதைக்காரி என்று பெயர், வைத்தது நான்தான். பாடப் புத்தகத்தைத் திறந்தால் இரண்டாவது பக்கத்திலேயே கொட்டாவி விடுவாள். அதே ஆள் நாவலைக் கையில் எடுத்தால் சோறு தண்ணீர் வேண்டாம். பல் தேய்க்கும்போதுகூட இன்னொரு கையில் புத்தகம். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

வரலாற்றுப் பாடத்தை முழுதாகப் படிக்க எங்கள் யாருக்கும் பொறுமை கிடையாது. பங்கு பிரித்துக்கொள்வோம். அவரவர் பங்கைப் படித்து, தேர்வன்று காலையில் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். கதைக்காரி சொன்னால் பசுமரத்தாணிபோல் பதியும். அறையின் மூன்றாவது ஆளான அக்கா அதைத்தான் மலைபோல் நம்பியிருந்தாள். எங்களுக்கு மூத்தவள், இந்தத் தாளில் இரண்டு முறை கோட்டைவிட்டவள். இந்த முறையும் போனால் பட்டம் கிடையாது, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அன்று காலை கதைக்காரி கட்டிலில் சம்மணமிட்டு, ஓர் அரசனின் முடிவைச் சொன்னாள். சொந்தத் தம்பியே பாலில் விஷம் கலந்து கொடுக்கிறான். அக்கா வாயைப் பிளந்து கேட்டாள்.

"இதெல்லாம் பாடத்துல இருக்காடி?"

"பின்ன, நானா இட்டுக்கட்டறேன்?"

தேர்வில் அதே கேள்வி வந்தது, தாளிலேயே பெரிய கேள்வி. நான் வேறொன்றை எடுத்ததால் பிழைத்தேன். எழுதத் தொடங்கிய பிறகுதான் கதைக்காரிக்கு உறைத்திருக்கிறது. அவள் அப்போது படித்துக்கொண்டிருந்ததும் அதே அரசனைப் பற்றிய நாவல். தம்பி, பால், விஷம் எல்லாம் அதில் வந்தவை. பாடத்தில் அந்த அரசன் போரில் பட்ட காயத்தால் சாகிறான்.

முன்வரிசையில் அக்கா தலைநிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். எழுந்து கூடுதல் தாள் வேறு கேட்டாள். அவள் அப்படிக் கேட்டு நாங்கள் பார்த்ததே இல்லை. கதைக்காரி இருமிப் பார்த்தாள். கண்காணிப்பாளர் முறைத்தார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். இருவரும் அறைக்கு ஓடினோம்.

அறைக்குள் அக்கா பாடிக்கொண்டிருந்தாள்.

"கண்ணால பாத்த மாதிரி சொன்னியேடி! ஒரு வரிகூட மறக்கலை. இனிமே நானும் கதை படிக்கப்போறேன். உன் தலையணைக்கு அடியில இருக்கே, அதக் குடு."

கதைக்காரி புத்தகத்தை எடுத்து நீட்டினாள்.

"அக்கா, ஓரம் மடிச்சிருக்கற பக்கத்த முதல்ல படிங்க."

அக்கா நின்றபடியே படித்தாள். பாட்டு நின்றது. பக்கத்தைத் திருப்பினாள், மறுபடி முன்பக்கத்துக்கு வந்தாள்.

"அடிப்பாவி, இதைத்தானே நான் எழுதிட்டு வந்தேன்?"