ஆரம்பசூரர் வாங்கிய முட்டை

ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிற ரகம் எங்கள் அத்தான். இணையத்தில் பெரிய பெரிய பேராசிரியர்கள் இலவசமாகப் பாடம் நடத்துகிறார்கள் என்று தெரிந்ததும் விடுவாரா? வானியலில் சேர்ந்தார், நிலாவைத் தாண்டவில்லை. தேனீ வளர்ப்பில் சேர்ந்தார். ராணித்தேனீ வருவதற்குள் கழன்றுகொண்டார். ஆரம்பசூரர் என்று அவருக்குப் பெயர் வைத்தவன் நான்தான்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கைவிரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டு எடுக்கும் வேலை அவருக்கு. பகலெல்லாம் ஆவியில் வேகிற மனிதர். அங்கே சூப்பர்வைசர் நாற்காலி காலியானது. ஆட்களைக் கட்டி மேய்க்கப் படித்த சான்றிதழோடு வருகிறவருக்கே அது என்று மேலாளர் சொல்லிவிட்டார். அத்தான் 'பேசித் தீர்ப்போம்' என்ற இலவசப் பாடத்தில் சேர்ந்தார். இந்த முறை பாதியில் ஓட முடியாது.

வேலை முடிந்து வந்து, பாடத்தைச் சத்தமாக ஓடவிட்டு சோபாவில் குறட்டை விடுவார். பரீட்சைக் கேள்விகளுக்குக் குருட்டாம்போக்கில் டிக் அடிப்பார். அடுப்படியில் நின்று முழுப் பாடத்தையும் கேட்டவள் என் அக்காதான். கேட்டதை வீணாக்குவானேன் என்று அவளும் தன் போனில் சேர்ந்துவிட்டாள். அவரிடம் மூச்சு விடவில்லை.

அந்தப் பாடத்தில் ஒரு கூத்து. அத்தனை பேருக்கும் திருத்த ஒரு பேராசிரியர் போதுமா? அதனால், சொந்த வீட்டுச் சண்டை ஒன்றைப் பேசித் தீர்த்ததைப் பற்றி எழுதும் கடைசிக் கட்டுரையை மாணவர்களே ஒருவருக்கொருவர், பெயர் தெரியாமல், திருத்த வேண்டும். சேரும்போது எள் விழ இடமில்லாத கூட்டம்; கடைசியில் தமிழில் எழுத மிஞ்சியவர்கள் ஒரு வேனுக்குள் அடங்கிவிடுவார்கள். அக்காவுக்குத் திருத்த வந்த கட்டுரை இதுதான்: "பை தைக்கும் கம்பெனியிலிருந்து என் மனைவியை வேலைக்குக் கூப்பிட்டார்கள். வரமாட்டாள் என்று சொல்லிவிட்டேன். அவள் கோபப்பட்டாள். நான் பொறுமை காத்தேன். பிரச்சினை தீர்ந்தது."

அக்கா முட்டை போட்டாள். 'எதிர்த்தரப்பு சொன்னது ஒரு வரிகூட இல்லை. கேட்டு எழுதவும்' என்று குறிப்பும் எழுதினாள்.

அத்தான் குதித்தார். "எவனோ பொறாமை புடிச்சவன்! பொண்டாட்டிகிட்ட தினமும் வாங்கிக் கட்டிக்கிறவனா இருப்பான்!"

"இருக்கும்" என்றாள் அக்கா, வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே.

திருத்தி அனுப்ப இன்னொரு வாய்ப்பு இருந்தது. போனும் கையுமாக அடுப்படிக்கு வந்தார். "ஏம்மா, அன்னைக்கு நீ என்னதான் சொன்னே?"

"எங்க சொன்னேன்? வாயத் திறக்கறதுக்குள்ள நீங்க சட்டைய மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டீங்க."

"சரி, இப்பச் சொல்லு."

சொன்னாள். பிள்ளை பிறந்ததும் விட்ட வேலை அது. அந்தத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால்தான் தனக்கும் ஒன்று தெரியும் என்ற தெம்பு வரும் என்றாள். மளமளவென்று டைப் அடித்துக்கொண்டிருந்த அத்தானின் விரல் அங்கே நின்றுவிட்டது. எனக்கே அவர்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது.

இந்த முறை பாஸ். சான்றிதழும் வந்தது, நாற்காலியும் வந்தது. அக்கா அதே பாடத்தில் தனக்கு வந்த சான்றிதழை அவரிடம் நீட்டினாள். அத்தானுக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"அப்ப அந்த முட்டை... நீயா? கட்டின புருஷனுக்கு இப்படியா பண்ணுவே?"

"வேற எவன் கைக்காவது போயிருந்தா பாஸ் போட்டிருப்பான்" என்றாள் அக்கா, கம்பெனிக்குக் கிளம்பச் செருப்பை மாட்டிக்கொண்டே. "நீங்களும் கடைசிவரைக்கும் என்கிட்டக் கேட்டிருக்கவே மாட்டீங்க."