நான் எழுதிய ‘ஆவரேஜ்’

வளைகுடாவில் எங்கள் தொழிலாளர் கேம்ப்பில் இருந்த கூடைப்பந்து வளையம் வட்டமாக இருக்காது. மிச்சம் விழுந்த பன்னிரண்டு எம்எம் கம்பியை வளைத்து வெல்டர் ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பற்றவைத்துக் கொடுத்தது அது. இடதுபக்கம் லேசாக அமுங்கியிருக்கும். சாரக் குழாய்கள் இரண்டை நட்டு, பழைய ஷட்டரிங் பலகையை அதில் முடுக்கி, அந்த வளையத்தை மாட்டியிருந்தோம். ஜெபல் அலியில் கம்பெனி பஸ்கள் நிற்கும் இடத்தை ஒட்டி அதுதான் எங்கள் கிரவுண்ட். புதிதாக வந்திருந்த ஒருவன் இரண்டு வெள்ளிக்கிழமை ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தான். மூன்றாவது வெள்ளிக்கிழமை, “ஒரு தடவ போட்டுப் பாக்கட்டுமாண்ணே?” என்று என்னிடம் பந்தைக் கேட்டான். முதல் பந்து இடது விளிம்பில் பட்டுத் தெறித்தது. அடுத்து நான்கு பந்து போட்டான். நான்கும் உள்ளே. “வளையம் கோணல்ணே. அரை விரக்கட வலது பக்கம் தள்ளிப் போட்டா விழுந்துரும்” என்றான். நாங்கள் அந்த வளையத்தில் ஒன்றரை வருஷமாக ஆடிக்கொண்டிருந்தோம். ஒருத்தனுக்கும் அது தெரியவில்லை.

கல்யாணமான நாற்பதாம் நாள் விமானம் ஏறி வந்தவன் என்பதால் கேம்ப்பில் எல்லோரும் அவனை மாப்ள என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். இருபத்துமூன்று வயது. சைட்டில் கம்பி கட்டும் வேலை. அவன் ஊரும் என் ஊரும் சிவகங்கைப் பக்கம் அடுத்தடுத்த ஊர்கள். இரண்டிலும் கூடைப்பந்து கிளப் உண்டு, கோடையில் டோர்னமெண்ட் உண்டு. நானும் இளவட்டத்தில் எங்கள் கிளப்பில் இருந்தவன்தான். ஆடியதைவிடப் பெஞ்சில் உட்கார்ந்ததே அதிகம். இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள் அவை. எனக்கு அப்போது டைம் ஆபீஸில் வேலை, யார் எத்தனை மணிக்கு சைட்டுக்குப் போனார்கள் என்று எழுதுவது. இங்கிலீஷ் எழுதத் தெரிந்த பாவத்துக்கு டீமுக்கு மேனேஜர், ஸ்கோரர் எல்லாம் நானே.

வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் கம்பெனி டீம்களுக்குள் லீக் நடக்கும். பெரும்பாலும் பிலிப்பினோ டீம்கள். அவர்களுக்குக் கூடைப்பந்து சாப்பாடு மாதிரி. எங்களை நாற்பது பாயிண்டில் தோற்கடித்துவிட்டுத் தோளில் தட்டிக் கொடுத்துப் போவார்கள். மாப்ள வந்த பிறகு அந்தத் தட்டிக்கொடுத்தல் நின்றுபோனது. அவன் உயரம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே இன்னொரு பக்கம் பந்தைக் கொடுப்பான். போடுவதற்கு முன் அரை நொடி நிற்பான். தடுக்க வந்தவன் தாண்டிப் போய்விடுவான், அதற்கப்புறம்தான் பந்து கையை விட்டுக் கிளம்பும். குறையும் இருந்தது. இடது கை வராது. மூன்றாவது குவார்ட்டரில் நாக்குத் தள்ளிவிடும். ஆறு நாள் வெயிலில் குனிந்து கம்பி கட்டியவனுக்கு ஏழாம் நாள் எங்கேயிருந்து மூச்சு வரும்? விரல் நுனியெல்லாம் கட்டுக்கம்பி கிழித்த கீறல். பந்தில் ரத்தம் ஒட்டினால் பனியனில் துடைத்துக்கொண்டு ஆடுவான்.

ஆட்டம் முடிந்ததும் நேரே என் மேஜைக்கு வருவான். “எப்படிண்ணே ஆடுனேன்?” என்பான். நான் ஸ்கோர் ஷீட்டிலிருந்து தலையைத் தூக்காமல் “பரவால்ல” என்பேன். எங்கள் கிளப்பில் அதுதான் வழக்கம். புதிதாக ஆட வருகிறவனை முகத்துக்கு நேரே பாராட்டினால் தலைக்கு ஏறிவிடும் என்று எங்களையும் யாரும் பாராட்டியதில்லை. அவன் இருபத்தெட்டு பாயிண்ட் எடுத்த அன்றைக்கும் “லெப்ட்ல ஒண்ணும் வரலயே” என்றுதான் சொன்னேன். ராத்திரி ரூமில் அந்த ஷீட்டைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பாழாய்ப்போன வாய், அன்றைக்காவது திறந்திருக்கலாம்.

அந்த ஆட்டத்தைப் பார்த்தவர் ஒரு பிலிப்பினோ கோச். ஃப்ரீ ஸோனில் பெரிய வேர்ஹவுஸ் கம்பெனி ஒன்றின் டீமை நடத்தியவர். அந்தக் கம்பெனியில் நல்ல ஆட்டக்காரனுக்கு ஸ்டோரில் வேலை கொடுப்பார்கள். நிழலில் வேலை, ரூமுக்கு நாலு பேர், எல்லாவற்றுக்கும் மேலாக வருஷத்துக்கு ஒரு மாத லீவு. எங்கள் கம்பெனியில் இரண்டு வருஷம் முடிந்தால்தான் லீவு. நாற்பது நாள் குடும்பம் நடத்திவிட்டு வந்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? மாப்ள அதைக் கேட்ட அன்று சாப்பிடவே இல்லை. “கிடைச்சிருமாண்ணே?” என்று நாலு தடவை கேட்டான். “அடுத்த ஆடிக்கெல்லாம் ஊர்ல இருப்பேன்ல?” என்று என்னிடம் கேட்டுவிட்டு அவனே தலையாட்டிக்கொண்டான்.

கோச் போன் செய்தார். “மை ஃபிரெண்ட், உங்க ரூக்கியை நான் ஒரு மேட்ச்தான் பார்த்திருக்கேன். நீங்க வாராவாரம் பார்க்கிறீங்க. ஃபாரம் அனுப்புறேன். நீங்க எழுதுறதை வெச்சுத்தான் கமிட்டி முடிவு பண்ணும்” என்று அவருடைய இங்கிலீஷில் சொன்னார். ரூக்கி என்றால் முதல் வருஷ ஆட்டக்காரன் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மஞ்சள் காகிதத்தில் ஒரு பக்க ஃபாரம் வந்தது. ஷூட்டிங், பாஸிங், ஓட்டம், இனி எவ்வளவு தூரம் வளருவான் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். கடைசியில் மொத்தத்தில் இவன் எப்படி என்று ஒரு கோடு. அதன் கீழே எங்கள் கம்பெனி சீல் குத்த இடம்.

அந்த சீலில்தான் வம்பு. சீல் அட்மின் மேனேஜரிடம் இருந்தது. ஒருவன் வேறு கம்பெனிக்குப் போக வேண்டுமானால் அந்த மனுஷன் ரிலீஸ் லெட்டர் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் விசா கேன்சல், தடை, ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். மேனேஜரோ எங்கள் டீம் ஜெயிக்க ஆரம்பித்ததிலிருந்து தானே ஆடியது மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவர். எக்ஸலண்ட் என்று எழுதிய ஃபாரத்தைக் கொண்டுபோய் நீட்டினால் விடுவாரா?

இங்கே டைம் ஆபீஸ் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு தொழிலாளியைப் பற்றியும் ஹெட் ஆபீஸுக்கு ரிப்போர்ட் எழுதுவோம். எக்ஸலண்ட், குட், ஆவரேஜ், பூர். பூர் என்றால் ஊருக்கு டிக்கெட் கிழிந்துவிடும். எக்ஸலண்ட் என்றால் இன்னும் மோசம். ஒரு கார்பெண்டருக்கு நல்லது செய்வதாக நினைத்து எக்ஸலண்ட் என்று எழுதினேன். நல்ல வேலைக்காரனாமே என்று அவரைத் தண்ணீருக்கு நடுவே ஒரு தீவு சைட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு வருஷம் அவர் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு எல்லோருக்கும் ஆவரேஜ்தான். டைம் ஆபீஸில் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். ஆவரேஜ் என்று எழுதினால் ஒருத்தன் கண்ணிலும் படாமல் ஆள் பிழைத்துக்கொள்வான். நான் எழுதிய ஆவரேஜ் எல்லாம் பாசத்தில் எழுதியது.

அந்தப் புத்தியோடுதான் பேனாவை எடுத்தேன். எல்லாக் கட்டத்திலும் ஆவரேஜ். கடைசிக் கோட்டிலும் ஆவரேஜ். கோச்தான் கண்ணால் பார்த்திருக்கிறாரே, காகிதம் சும்மா சடங்குக்குத்தானே, சீல் விழ வேண்டும் என்பதற்காக இப்படி எழுதியிருக்கிறான் என்று புரிந்துகொள்ள மாட்டாரா என்று நினைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்று சொன்னால் இன்றைக்கு நாக்கு கூசுகிறது. மேனேஜர் படித்தார். “அட, ஆவரேஜ்தானா? நான் பெருசா நினைச்சேன். ஜானே தோ, போகட்டும்” என்று சீலைக் குத்தி ரிலீஸ் லெட்டரிலும் கையெழுத்துப் போட்டார். நான் ஆபீஸிலிருந்து துள்ளிக் குதித்து வெளியே வந்தேன்.

பத்து நாள் கழித்து கோச்சிடமிருந்து போன். “ஏன் இப்படி எழுதினீங்க? ஆவரேஜ் ஆட்டக்காரன் எங்ககிட்டயே நிறைய இருக்கான்னு கமிட்டி சொல்லிடுச்சு. வேற ஆளை எடுத்தாச்சு.” நடந்ததையெல்லாம் கொட்டினேன். வேறு ஃபாரம் எழுதித் தருகிறேன் என்று கெஞ்சினேன். அவர் கோபப்படவே இல்லை. “ரெண்டாவது ஃபாரம் வந்தா, ரெண்டுல எது பொய்னு கேட்பாங்க. உங்க கையெழுத்தை அப்புறம் யார் நம்புவாங்க? நீங்க ஒரு போன் பண்ணியிருக்கலாம், மை ஃபிரெண்ட்” என்றார். அவர்கள் ஊரில் எழுதுவது சொல்வதற்காக. எங்கள் ஆபீஸில் எழுதுவது மறைப்பதற்காக. இது ஏன் எனக்கு முன்பே உறைக்கவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

மாப்ளயிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் மென்று முழுங்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் மேனேஜரே சைட்டில் வைத்துச் சொல்லிவிட்டார். “உங்க ஊர்க்காரனே உன்னை ஆவரேஜ்னு எழுதியிருக்கான், பின்ன எவன் எடுப்பான்?” என்று சிரித்தாராம். நான் அவன் ரூமுக்கு ஓடினேன். கட்டிலில் உட்கார்ந்து விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டிருந்தான். சீல், ரிலீஸ், கார்பெண்டர், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். “உன்ன மாதிரி ஒருத்தன் ஆடி நான் பாத்ததே இல்ல மாப்ள. சத்தியமாச் சொல்றேன்” என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவனைப் பாராட்டினேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். “விடுங்கண்ணே. இத்தன மேட்ச்ல ஒரு தடவ நீங்க நல்லா ஆடுனன்னு சொன்னதில்ல. இப்ப நான் சங்கடப்படுவேன்னு சொல்றீக. ஆட்டம் தெரிஞ்சவுக நீங்க. பாத்துத்தானே எழுதியிருப்பீக?” என்றான். என் கையைப் பிடித்து வேறு ஆறுதல் சொன்னான்.

அதற்கப்புறமும் அவன் ஆடத்தான் செய்தான். ஆனால் பந்து கையில் வந்ததும் உடனே யாருக்காவது கொடுத்துவிடுவான். எதிரே யாருமில்லாமல் வளையம் திறந்து கிடக்கும், போட மாட்டான். “போடுடா! போடு!” என்று ஸ்கோரர் மேஜையிலிருந்து கத்துவேன். ஸ்கோரர் கத்தக் கூடாது என்று ரெஃப்ரி என்னை எச்சரித்தார். ஆவரேஜ் ஆட்டக்காரன் எப்படி ஆட வேண்டுமோ அப்படி அடக்கமாக ஆடினான். முடிந்ததும் என் மேஜைக்கு வருவதில்லை. நான்கைந்து மாதத்தில் விரல் வலிக்கிறது என்று நிறுத்திக்கொண்டான். நல்ல ஆட்டக்காரன் ஒருவன் கண்ணெதிரே கரைந்துபோவதை நான் பாயிண்ட் பாயிண்ட்டாக எழுதிக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்ய முடிந்தது? இரண்டு வருஷம் முடித்துத்தான் ஊருக்குப் போனான். திரும்ப வந்து இன்னும் இரண்டு வருஷம் கம்பி கட்டினான். பந்தைத் தொடவில்லை.

நானும் பிறகு ஊரோடு வந்துவிட்டேன். அவன் இப்போது சென்ட்ரிங் வேலைகளைக் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறான். போன மாதம் போன் வந்தது. “அண்ணே, எம் மக பள்ளிக்கூடத்துல பாஸ்கெட்பால் ஆடுறா. ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல கேக்குறாக. பொம்பளப் புள்ளய அம்புட்டுத் தூரம் விடணும்னா நெசமாவே வெளையாட்டு இருக்கணும்ல? ஊர்ல எல்லாரும் ஆகா ஓகோங்கிறாக. என்னையும் அப்படித்தான சொன்னாக? நீங்க ஒருத்தர்தான உள்ளத எழுதுனீக. வந்து பாத்துச் சொல்லுங்க” என்றான். இருபது வருஷமாக அவன் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

போனேன். பதினைந்து வயதுப் பெண். ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே இன்னொரு பக்கம் பந்தைக் கொடுத்தாள். போடுவதற்கு முன் அரை நொடி நின்றாள். இடது கை வரவில்லை. அப்படியே அவன். அவனுக்கு அது தெரியவில்லை. தான் ஆடியதை யாரால் பார்க்க முடியும்? நான் பார்த்திருந்தேன். “பிரமாதமா ஆடுறா மாப்ள. கண்ண மூடிக்கிட்டு அனுப்பு” என்றேன்.

அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவையும் பில் புத்தகத்தையும் எடுத்து நீட்டினான். “எழுதிக் குடுங்கண்ணே. நீங்க வாயால சொல்றது எங்க மனசுக்காக. எழுதுனாத்தான் நெசம்.”

பில்லின் பின்பக்கத்தில் எழுதினேன். ஒரு சொல்லோடு விடாமல், பக்கம் நிறைய, ஷூட்டிங் எப்படி, பாஸிங் எப்படி, எவ்வளவு தூரம் வளருவாள் என்று தமிழிலேயே எழுதிக் கீழே பெரிதாகக் கையெழுத்துப் போட்டேன். அவனைப் பற்றி அன்றைக்கு எழுத வேண்டியிருந்ததில் ஒரு வரிகூட மாறவில்லை. உதட்டை அசைத்து மெல்ல வாசித்தான். இரண்டு தடவை வாசித்தான். கண் நிறைந்துவிட்டது. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எத்தனையோ வருஷத்துப் பாரம் இறங்கியவனாக என் கையைப் பிடித்தான்.

“நல்ல வேளைண்ணே” என்றான். “அவ என்னய மாதிரி இல்ல.”