செல்வராஜ் அண்ணனுக்கு ஒரு கை

இயந்திரக் கைக்கு மூளை செய்கிறேன் என்று சொன்னால் கல்யாண வீட்டில் தனி மரியாதை கிடைக்கும். அந்த மூளை உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சை சர்க்யூட் போர்டு, அதுவும் அடிக்கடி புகைந்துவிடும் என்று சொன்னதும் அந்த மரியாதை எழுந்து பந்திக்குப் போய்விடும். சாலிடர் புகையைச் சாம்பிராணியாக முகர்ந்து வாழும் சகபாவிகளே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

லிட்டில் இந்தியாவில் ஒரு டீக்கடைக்கு மேலே எங்களுக்கு ஒரு மாடி அறை இருந்தது. சனிக்கிழமைதோறும் அங்கே கூடுவோம். போர்டு என் பொறுப்பு. பாசிர் ரிஸ்ஸிலிருந்து வரும் ஆரோக்கியத்துக்கு இரும்பு, பிளாஸ்டிக் வேலைகளும் வரைபடம் போடுவதும். வரைபடங்களை எல்லாம் இணையத்தில் இலவசமாகப் போட்டுவிடுவோம். யார் வேண்டுமானாலும் பார்த்து ஒரு கை செய்துகொள்ளலாம், யார் வேண்டுமானாலும் எங்களைத் திட்டலாம். இரண்டாவது உரிமையைத்தான் நிறையப் பேர் பயன்படுத்தினார்கள்.

ஸ்ட்ரா போதாதா?

ஈசூனில் என் அடுக்குமாடி புளோக்கிலேயே குடியிருக்கும் செல்வராஜ் அண்ணன் ஒரு காலத்தில் கல்யாணங்களில் மைக் பிடித்தவர். நரம்பு நோய் வந்து இரண்டு கைகளும் துவண்டுபோயின. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவர் மனைவி மங்களம் அக்கா தினமும் சாயந்திரம் இரண்டு டீ போடுவார். அண்ணனுக்கு ஊதி ஊதிக் கொடுத்து முடிப்பதற்குள் அக்காவின் டீயில் ஆடை படிந்திருக்கும். அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கோப்பைகளைக் கழுவப் போய்விடுவார்.

“அவ சூடா ஒரு டீ குடிச்சுப் பல வருஷமாச்சும்மா. என் டீயை நானே குடிக்கணும், அவ்வளவுதான்” என்றார் அண்ணன். அதற்கு எதற்கு ஓர் இயந்திரக் கை, ஸ்ட்ரா போதாதா என்று எனக்குத் தோன்றியது. என் வாய் சும்மா இருக்குமா, கேட்டேவிட்டேன்.

“தங்கச்சி, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினா அது மருந்து. ஊதிக் குடிச்சாத்தான் டீ.”

பின்னால் போன கை

மேசையில் பூட்டிவைக்கும் இந்தக் கைகளுக்கு ஒரு குணம் உண்டு. மின்சாரம் வந்ததும், தாங்கள் எங்கே இருக்கிறோம் என்றே அவற்றுக்குத் தெரியாது. அதனால் முதலில் பின்னால் திரும்பி, அங்கே இருக்கும் ஒரு சின்ன சுவிட்சைத் தொட்டுப் பார்த்து, ‘சரி, இதுதான் ஆரம்பம்’ என்று தெரிந்துகொண்ட பிறகுதான் வேலைக்கு வரும். செய்கிற எங்களுக்கு இது தெரியும். பார்க்க வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

அண்ணன் முதல்முறை அறைக்கு வந்தபோது கைக்கு முன்னால் டீக்கோப்பையை வைத்தோம். கைக்குப் பின்னால், வந்தவர்களுக்கு வாங்கிய வடைத்தட்டை ஆரோக்கியம் வைத்திருந்தார். பித்தானை அழுத்தினேன். கை டீயைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நிதானமாகப் பின்னால் போய் வடையை எல்லாம் தரையில் தள்ளியது. நாங்கள் குனிந்து வடை பொறுக்க, அண்ணன் மைக் பிடித்த காலத்துக் குரலை எடுத்தார்.

“மாப்பிள்ளையை மேடைக்குக் கூப்பிட்டா, அவரு நேரா பந்திக்குப் போறாரேம்மா!”

கீழ்க்கடைச் சந்தேகம்

வெறும் கோப்பையைத் தூக்கும் கை, டீ ஊற்றியதும் நடுங்கும். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டினால் துள்ளும், குறைத்தால் பாதி வழியில் சோர்ந்துவிடும். அந்த நடுவாந்திரத்தைப் பிடிக்கச் சனிக்கிழமை சனிக்கிழமையாக டீ வாங்கி, தூக்கி, சிந்தி, துடைத்தோம். இன்று அந்த அறையில் புருவம் திருத்துகிறார்கள். அந்தப் பக்கம் போனால் நான் இன்னும் அண்ணாந்து பார்க்கிறேன். சிந்திய டீயின் வாசனையோடு அந்தச் சனிக்கிழமைகள் எனக்குத் திரும்ப வேண்டும் போலிருக்கிறது.

வாளியும் துணியுமாக நான் இறங்கி வருவதைப் பார்த்துப் பார்த்து, டீக்கடைக்காரர் ஒருநாள் மெதுவாகக் கேட்டார்.

“தப்பா நினைக்காதீங்க. என் டீ நல்லா இல்லாமத்தான் கீழ கொட்டுறீங்களா?”

மணியத்தின் கோபம்

மணியம் ஜோகூர்காரர். தினமும் எல்லைப் பாலம் தாண்டி உட்லண்ட்ஸுக்கு வேலைக்கு வருபவர். எங்கள் வரைபடத்தைப் பார்த்து வீட்டில் ஒரு கை செய்தார். மின்சாரம் கொடுத்ததும் போர்டு புகைந்தது. ஒயர்களைச் செருகும் இடத்தின் படத்தை ஆரோக்கியம் போர்டின் அடிப்பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல் வரைந்து, அதை எங்கேயும் எழுதாமல் விட்டிருந்தார். மேலேயிருந்து பார்த்தவருக்கு இடது வலதாகிவிட்டது. கருகிய போர்டை மீன் வாங்கிய பையில் போட்டு எடுத்துக்கொண்டு, மணியம் மாடி ஏறி வந்தார்.

நான் மன்னிப்புக் கேட்டேன், ஆரோக்கியம் டீ வாங்கிக் கொடுத்தார். மணியம் இரண்டையும் வாங்கிக்கொண்டு, வரைபடத்தை ஒருமுறை, எங்கள் முகங்களை ஒருமுறை பார்த்தார்.

“இதை மேசைக்கு அடியில படுத்துக்கிட்டா வரைஞ்சீங்க?”

சிவப்புப் பித்தான்

ஆபத்து என்றால் அழுத்துவதற்கு ஒரு பெரிய சிவப்புப் பித்தான் வைப்பது எங்கள் தொழில் வழக்கம். அழுத்தினால் மின்சாரம் மொத்தமாக நின்றுவிடும். தொழிற்சாலைக் கைக்கு அது சரி. அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கையைப் பூட்டி, கால் விரலால் இயக்கப் பெடல்களும், பக்கத்திலேயே மிதிக்கத் தோதாகச் சிவப்பும் வைத்து, முதலில் வெறும் தண்ணீரோடு பார்த்தோம். கோப்பை மோவாய்வரை வந்தது. கொஞ்சம் வேகமாக வருவதுபோல் பட்டதும் அண்ணன் பயந்து சிவப்பை மிதித்தார். மின்சாரம் போனதும் கையில் இருந்த பலமும் போய், கோப்பையோடு அவர் மடியில் சரிந்தது.

“நில்லுன்னா நிக்கணும் லா, இது மயக்கம் போட்டு விழுதே” என்று அண்ணன் சிரிக்கத்தான் செய்தார். ஆனால் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டார், அன்றைக்கு மறுபடி வைக்கவே இல்லை. அக்கா துண்டை எடுத்து வந்து அவர் மடியைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

“விட்டுடும்மா. நான் ஆறின டீயே குடிச்சுக்கிறேன்.”

சூடு

நடந்ததை அப்படியே இணையத்தில் எழுதிப் போட்டேன். பதில் மணியத்திடமிருந்து வந்தது; பதில் என்ன, ஆளே வந்தார், அதே மீன் பையோடு. மின்சாரம் போனால் தானாகவே இறுகப் பிடித்துக்கொள்ளும் சின்ன பிரேக்குகள் அதில் இருந்தன. தன்னுடைய கைக்கென்று வாங்கியவை. “முதல்ல அவருக்குப் போடுங்க” என்றார். போர்டை மாற்றி வரைந்தேன், மேலேயிருந்து பார்த்து.

மறுபடி ஈசூன், மறுபடி அதே மேசை. பெடலில் கால் வைக்க அண்ணனுக்கு மனம் வரவில்லை. “நடுவுல சிவப்பை மிதிச்சுப் பாருங்கண்ணே” என்றேன். தயங்கிக் கால் வைத்தவர், தண்ணீர்க் கோப்பை பாதி உயரத்தில் வந்தபோது சிவப்பை மிதித்தார். கை அந்தரத்தில் அப்படியே நின்றது, ஒரு சொட்டு சிந்தவில்லை. அதன் பிறகு உண்மையான டீ. கோப்பை வாய்க்கு வந்தது, அண்ணன் ஊதினார், குடித்தார், மறுபடி ஊதினார். அக்கா மட்டும் துண்டோடு பக்கத்திலேயே நின்றார். “உக்காருங்கக்கா” என்று அவர் கோப்பையைக் கையில் கொடுத்தேன். ஆவி பறந்துகொண்டிருந்தது. அண்ணனையே பார்த்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் அதை ஒரே மடக்கில் விழுங்கப் போனார் அக்கா.

“ஆத்தாடி, நாக்கு வெந்துபோச்சும்மா!”

அந்தக் கையைப் பற்றி எனக்கு வந்த அத்தனை புகார்களிலும், சரிசெய்ய மனமே வராமல் நான் விட்டுவைத்திருப்பது இது ஒன்றைத்தான்.