லொறிப் பாத்தி

பூரணிக்குச் சும்மா இருக்கத் தெரியாது. தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு லயத்து வீடுகளுக்குப் பின்னாலுள்ள உருளைக்கிழங்குத் தோட்டத்தில் இறங்கிவிடுவாள். நானுஓயாப் பக்கம் பனி கட்டினால் போதும், மருந்துத் தாங்கியை முதுகில் மாட்டிக்கொள்வாள். நோய் வந்திருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் கிடையாது. செடிக்கு அடித்ததைவிடத் தன் பயத்துக்கு அடித்ததுதான் அதிகம்.

அப்படிப்பட்டவள் இந்தப் போகம் தாங்கியைத் தொடமாட்டேன் என்று நின்றாள். "தினமும் எலையத் திருப்பிப் பாருங்க. புள்ளி விழுந்த செடியப் பிடுங்கி எரிங்க. பரவுற மாதிரி தெரிஞ்சா மட்டும் அந்த எடத்துக்கு மருந்தடிங்க" என்று விவசாயப் போதனாசிரியர் சொல்லியிருந்தார். சொன்னவர் நிம்மதியாகப் போய்விட்டார், தூக்கம் கெட்டது பூரணிக்குத்தான். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு நடை, மத்தியானம் சாப்பிடாமல் ஒரு நடை. அக்கம்பக்கத்தில் மருந்தடிக்கும் சத்தம் கேட்டால் இன்னொரு நடை. லயத்தில் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் எனக்கே எரிச்சலாக வரும். பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் எழுந்து ஓடுவாள்.

பனி விலகாமல் கிடந்த ஒரு காலையில் கீழ் மூலையில் கறுப்புப் புள்ளி தெரிந்தது. இலைக்கடியில் வெள்ளைப் பூஞ்சணம். அந்தச் செடிகளைப் பிடுங்கிப் பையில் திணித்தாள். அதற்குள் புருஷன் முத்துலிங்கம் தாங்கியோடு வந்துவிட்டார்.

"போதும் ஒன் வெளையாட்டு. முழுத் தோட்டமும் போயிரும், நகரு."

"அந்த மூலைக்கு மட்டும் அடிங்க."

"எல்லாத்துக்கும் அடிப்பேன். வீட்டுப் பாத்திக்கு அடிக்கலதானே, பெறகென்ன?"

எங்கள் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். சொந்தச் சாப்பாட்டுக்கு மருந்து படாத சின்னப் பாத்தி ஒன்று இருக்கும். மற்றதெல்லாம் லொறிப் பாத்தி. லொறி ஏறியதை யார் சாப்பிடுகிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

பூரணி குறுக்கே போய் நின்றாள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"நம்ம சர்மிளா போன்ல என்ன சொன்னா தெரியுமா? டிக்கோயாக் கடையில நுவரெலியாக் கெழங்குன்னு கேட்டு வாங்கி, பிள்ளைக்கு மசிச்சுக் குடுக்குறாளாம். 'அம்மா போட்டதாக்கூட இருக்கும்'னு சிரிக்கிறா. நம்ம பேரப்பிள்ள திங்கிறது எந்தப் பாத்திங்க?"

முத்துலிங்கம் கீழ் மூலைக்கு மட்டும் அடித்துவிட்டுத் தாங்கியைச் சுவரோரம் இறக்கினார். பிறகு அவரும் குனிந்து, ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார்.