யாருமில்லீங்க என்றேன்

இன்று காலை எங்கள் தறிக்கூடத்துக்குக் கையில் ஃபைலோடு ஒரு அம்மா வந்தார்.

“அறுபது தாண்டினவங்க யாராவது இங்க நெய்யறாங்களா?”

வேலையை விட்டு நிறுத்தச் சொல்வாரோ என்று பயந்து, “யாருமில்லீங்க” என்றேன்.

“இருந்தா நாளைக்குப் போளூர் கேம்ப்புக்கு அனுப்புங்க. வயசானவங்க தொடர்ந்து வேலை செய்யணும்னு இலவசமா கண்ணாடி குடுக்கறோம்.”

சொன்ன பொய்யை மாற்ற வாய் வரவில்லை. அவர் போய்விட்டார்.

உள்ளே, அறுபத்தேழு வயது ஏகாம்பரம் அண்ணன் அறுந்த பட்டிழையை விரலால் தடவித் தேடிக்கொண்டிருந்தார்.

“யாருப்பா அது, பேசிகினு இருந்தது?”

“மீட்டர் பாக்க வந்தாங்கண்ணா.”

“நல்லவேளை. யாராவது கேட்டா எனக்கு அம்பத்தஞ்சுன்னு சொல்லிடுப்பா.”

நாளை நானே அவரைப் போளூருக்குக் கூட்டிப்போகிறேன். அங்கே உண்மையான வயதைச் சொல்லுங்கள் என்று அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது? நீங்களாவது சொல்லுங்கள்.